மாதாமாதம் மாத்திரைச் செலவு: ஒரு வேளையும் விடாமல் குறைப்பது எப்படி?

எங்கள் வளவில் நாலு வீடு தள்ளி இருக்கும் பெரியம்மாவுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. போன வருடம் ஒரு நாள் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். மாதக் கடைசி, ஆனால் அட்டைகளில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. கேட்டதற்கு, "ஒன்னு உட்டு ஒரு நா போட்டுக்கறேன் சாமி. ஒரு மாசத்து மாத்திரை ரெண்டு மாசத்துக்கு வருதுல்ல" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. மாதம் ஆனால் மாத்திரைக்குப் பணம் கேட்க அவருக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

ஈரோடு, கோபி, காங்கேயம், தாராபுரம் என்று எங்கள் பக்கம் எந்த ஊரில் விசாரித்தாலும், மருந்துச் செலவைக் குறைக்க ஜனங்கள் முதலில் கைவைப்பது வேளையில்தான். இரண்டு வேளையை ஒரு வேளையாக்குவார்கள், ஒரு மாத்திரையைப் பாதியாக்குவார்கள். செலவைக் குறைக்க எத்தனையோ வழி இருக்க, உடம்பைக் கெடுக்கும் வழியை மட்டும் ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. பெரியம்மாவுக்காக நாங்கள் ஒவ்வொன்றாகச் செய்தவற்றையும், செய்யும்போது தெரிந்துகொண்டவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போடுங்கள்

வீட்டில் இருக்கும் மாத்திரை, டானிக், இன்சுலின், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, நாட்டு மருந்துச் சூரணம் என எதையும் விடாமல் ஒரு மஞ்சப்பையில் சேருங்கள். பீரோ மேலே, சாமி ரூம் செல்ஃபில், வேலைக்குக் கொண்டுபோகும் பையில் என்று ஒளிந்திருப்பவை எல்லாம் வரவேண்டும். பிறகு ஒரு நோட்டு எடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

முதலில் மருந்தின் மூலப்பெயர். அட்டையில் இரண்டு பெயர் இருக்கும். ஒன்று கம்பெனி வைத்த பிராண்டு பெயர், இன்னொன்று மருந்தின் சொந்தப் பெயர்: மெட்பார்மின், கிளிமிபிரைடு, டெல்மிசார்டான், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் என்பது போல. நமக்கு வேண்டியது இரண்டாவது. ஒரே மெட்பார்மினை எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயரில், எத்தனையோ விலையில் விற்கின்றன. மூலப்பெயர் தெரியாதவரை அந்த விலைகளை ஒப்பிடவே முடியாது.

அடுத்தது அளவு, அதாவது 500 மில்லிகிராமா, 1000 மில்லிகிராமா என்பது. கூட்டு மாத்திரையாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மருந்தின் அளவையும் தனித்தனியாக எழுதுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் பிராண்டு பெயருக்குப் பின்னால் 1, 2 என்று ஓர் எண் வரும். பெரும்பாலும் அது கிளிமிபிரைடின் மில்லிகிராம். 1க்குப் பதிலாக 2 வாங்கிவிட்டால் அந்த மருந்து இரட்டிப்பாக உள்ளே போகும்.

மூன்றாவது, பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்ஆர், இஆர், பிஆர் என்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மருந்து மெதுவாகக் கரையும் வகை. சாதாரண மெட்பார்மினும் எஸ்ஆர் மெட்பார்மினும் ஒன்றல்ல. இந்த வகையை உடைத்தோ மென்றோ போடக்கூடாது.

கடைசியாக, எந்த டாக்டர் எதற்காக எழுதினார், ஒரு மாத்திரையின் விலை என்ன என்பது. அட்டையின் விலையை எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். சில அட்டையில் 10 இருக்கும், சிலவற்றில் 15, சிலவற்றில் 20 அல்லது 30. அட்டைக்கு அட்டை விலை பார்ப்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் இந்த ஒரு மணி நேரத்திலேயே பலன் தெரியலாம். பெரியம்மாவின் பையில் கொலஸ்டிரால் மாத்திரை இரண்டு வகை இருந்தது. சர்க்கரை டாக்டர் எழுதியது அட்டோர்வாஸ்டாட்டின், நெஞ்சு வலிக்குப் பார்த்த டாக்டர் எழுதியது ரோசுவாஸ்டாட்டின். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. பிராண்டு பெயர் வேறுவேறாக இருந்ததால் வீட்டிலும் யாருக்கும் தெரியவில்லை.

படி 2: பையோடும் நோட்டோடும் டாக்டரிடம் போங்கள்

கேட்கவேண்டியது மூன்று விஷயம். அதற்கு முன்னால் சொல்லவேண்டியது ஒன்று உண்டு: இதுவரை மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா இல்லையா என்ற உண்மை. ஒன்றுவிட்டு ஒரு நாள் போட்டால் சர்க்கரை குறையாது. குறையவில்லை என்று பார்த்து டாக்டர் டோஸை ஏற்றியிருப்பார். அந்த ஏற்றிய டோஸை இன்றிலிருந்து தினமும் போட ஆரம்பித்தால் சர்க்கரை திடீரென்று கீழே இறங்கிவிடலாம். திட்டுவார் என்று பயப்படாமல் சொல்லுங்கள்.

முதல் கேள்வி: இதில் இனி தேவையில்லாதது எது? பல வீடுகளில் பில்லைப் பெரிதாக்குவது சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அல்ல. எப்போதோ வயிற்றெரிச்சலுக்கு எழுதிய கேஸ் மாத்திரை வருடக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மாதத்துக்கு என்று எழுதிய வைட்டமின், கால்சியம், நரம்பு மாத்திரை எல்லாம் சீட்டுக்குச் சீட்டு தொடர்ந்து வரும். சத்து மாத்திரைகள் பல, மருந்தாக அல்லாமல் உணவுப் பொருளுக்கான உரிமத்தில் விற்கப்படுகின்றன. அட்டையில் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் இருந்தால் அந்த வகை. இவற்றுக்கு மருந்து விலைக் கட்டுப்பாடு கிடையாது. அதற்காக நீங்களே எதையும் நிறுத்திவிடாதீர்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுபவருக்கு, வயிற்றில் ரத்தக்கசிவு வராமல் காப்பதே அந்தக் கேஸ் மாத்திரையாக இருக்கலாம். சில பிரஷர் மாத்திரைகளையும் ஸ்டீராய்டையும் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எதை நிறுத்தலாம் என்று டாக்டர் சொல்லட்டும். பெரியம்மாவுக்கு ஒன்பது மருந்து ஆறாகக் குறைந்தது.

இரண்டாவது கேள்வி: இதே வேலையைச் செய்யும் பழைய, விலை குறைந்த மருந்து எனக்குப் போதுமா? கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக வாங்கினால் மலிவா என்பதும் இதில் அடக்கம். சில நேரம் பிரித்தால் மலிவு, சில நேரம் சேர்ந்திருப்பதே மலிவு. உங்கள் நோட்டில் இருக்கும் கணக்கு பதில் சொல்லும்.

மூன்றாவது: சீட்டில் மூலப்பெயரில் எழுதித் தாருங்கள் என்ற வேண்டுகோள். இது முக்கியம். டாக்டர் ஒரு பிராண்டை எழுதியிருந்தால், உள்ளே இருக்கும் மருந்து அதேதான் என்றாலும் கடைக்காரர் தானாக வேறொன்றைத் தர நம் நாட்டு மருந்து விதிகள் அனுமதிப்பதில்லை. மூலப்பெயரில் எழுதிவிட்டால் மலிவான மருந்தகங்களின் கதவு நமக்குத் திறந்துவிடும். "ஏனுங்க டாக்டர், மாசாமாசம் வாங்கோணும், கொஞ்சம் கட்டுப்படியாகிற மாதிரி எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. பெரும்பாலான டாக்டர்கள் எழுதித் தருகிறார்கள்.

படி 3: காசு வாங்காத இடங்களை முதலில் பாருங்கள்

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். நம் மாநிலத்தில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை வாங்கித் தருவது 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மொத்தமாக டெண்டர் விட்டு, தரம் சோதித்து வாங்குகிறது. ஓசியில் தரும் மாத்திரை என்று முகம் சுளிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெட்பார்மின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற அடிப்படை மருந்துகள் கிடைக்கும். தனியார் டாக்டர் எழுதும் புதுக் கூட்டு மாத்திரை அப்படியே கிடைக்காது, ஆகவே அங்கே ஒருமுறை டாக்டரைப் பார்த்து மாற்றி எழுதி வாங்க வேண்டும். பழைய சீட்டு, சமீபத்திய ரத்தப் பரிசோதனைத் தாள், ஆதார் மூன்றையும் கொண்டுபோங்கள்.

மாதாமாதம் அங்கே அலைய முடியாதவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பெயர் சேர்க்க உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் சொன்னால் போதும். பெரியம்மாவின் ஆறு மருந்தில் மூன்று இப்போது இப்படித்தான் வருகிறது.

மனநலத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இலவசமாக வாங்கலாம். இதை வெளியே கேட்கக் கூச்சப்பட்டு, மாதம் பெரிய தொகை கொடுத்து வாங்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், மில்லும் பனியன் கம்பெனியும் பவுண்டரியும் நிறைந்த நம் ஊர்ப்பக்கம் எல்லோரும் மறந்துபோகும் ஒரு விஷயம் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார். அந்தப் பணத்துக்கு உங்களுக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் உள்ளிட்ட குடும்பத்துக்கும் இஎஸ்ஐ மருந்தகத்தில் மருந்து உண்டு. பெற்றோருக்கு வருமான வரம்பு இருக்கிறது, விசாரித்துக்கொள்ளுங்கள். குறைந்தது 5 வருடம் இஎஸ்ஐ கட்டி, வயது முடிந்து ஓய்வு பெற்றவர் வருடத்துக்கு வெறும் 120 ரூபாய் கட்டினால் தானும் துணைவரும் மருத்துவ வசதியைத் தொடரலாம். கோவையில் மில்லில் முப்பது வருடம் ஓடி ஓய்வு பெற்ற எத்தனை பேர் இதைத் தெரியாமலேயே கடையில் முழு விலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்களோ! பழைய இன்சூரன்ஸ் எண்ணை எடுத்துக்கொண்டு இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது.

படி 4: விலை குறைந்த மருந்தகங்கள்

இலவசமாகக் கிடைக்காதவற்றுக்கு அடுத்த இடம் இது. ஒன்றிய அரசின் ஜன் ஔஷதி கடைகளை நாம் மக்கள் மருந்தகம் என்கிறோம். 2,000க்கும் மேற்பட்ட மருந்துகள் இந்தப் பட்டியலில் உண்டு. முன்னணிப் பிராண்டுகளின் சராசரி விலையில் பாதிக்கு மேல் போகாதபடி விலை வைப்பது இவர்கள் முறை. பல மருந்துகளில் வித்தியாசம் அதைவிடப் பெரிது. ஜன்ஔஷதி சுகம் என்ற செயலியில் மூலப்பெயரைப் போட்டால் விலையும் அருகில் உள்ள கடையும் தெரியும்.

தமிழ்நாடு அரசின் முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 கடைகளோடு தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தாளுநர் படிப்பு முடித்த தனிநபர்களும் நடத்துகிறார்கள். அதற்கு முன்பிருந்தே கூட்டுறவு மருந்தகங்கள் நம் ஊர்களில் உண்டு. அங்கே பிராண்டு மருந்துக்கும் தள்ளுபடி கிடைக்கும் என்பதால், ஜெனரிக் (பெரிய பிராண்டு இல்லாமல் மூலப்பெயரில் விற்கும் மருந்து) வேண்டாம் என்று டாக்டர் சொன்ன மருந்தை அங்கே விசாரிக்கலாம்.

ஒரு கஷ்டம், எல்லா மருந்தும் எல்லா நேரமும் இருப்பில் இருக்காது. தாராபுரத்திலிருந்தோ அந்தியூரிலிருந்தோ பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்புவதைவிட, முதலில் போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். மாதாமாதம் இன்னது வேண்டும் என்று சொல்லிவைத்தால் வரவழைத்துத் தருகிறார்கள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை என்பதால் எங்கள் வளவில் பெரியம்மாவே சந்தைக்குப் போகும் நாளில் பக்கத்து வீட்டார் மருந்தையும் சேர்த்து வாங்கி வந்துவிடுகிறார். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போவதில் லாபமில்லை. போகிற போக்கில் வாங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

"விலை கம்மியாச்சே, வேலை செய்யுமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். மக்கள் மருந்தகத்துக்கு வரும் மருந்து தொகுதி தொகுதியாக (பேட்ச்) ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டே வருகிறது. தரமற்றவை என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வப்போது வெளியிடும் பட்டியலில் பெயர்பெற்ற பிராண்டுகளும் இடம்பெற்றதுண்டு. விலையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. உங்கள் உடம்பில் வேலை செய்கிறதா என்பதைப் பிரஷர் மெஷினும் ரத்தப் பரிசோதனையும் சொல்லிவிடும்.

படி 5: சாதாரண மெடிக்கலில் வாங்கும்போது

இப்போது கோவை, ஈரோட்டில் தெருவுக்குத் தெரு 20 சதவீதம், 50 சதவீதம், சில இடங்களில் அதற்கும் மேல் தள்ளுபடி என்று போர்டு இருக்கிறது. போர்டைப் பார்க்காதீர்கள், மாத்திரைக் கணக்கைப் பாருங்கள். கணக்குக்காகச் சொல்கிறேன்: ஒரு கடையில் 10 மாத்திரை அட்டை 180 ரூபாய், பாதி விலைத் தள்ளுபடி போக 90, ஆக மாத்திரை 9 ரூபாய். பக்கத்துக் கடையில் அதே மூலப்பெயர், அதே அளவு, 15 மாத்திரை அட்டை 75 ரூபாய், தள்ளுபடியே இல்லை, மாத்திரை 5 ரூபாய். சில ஜெனரிக் மருந்துகளில் அட்டையில் அச்சிடும் விலையையே உயர்த்திவைத்து, பிறகு தள்ளுபடி தருவார்கள். சதவீதம் பெரிதாகத் தெரியும், கையிலிருந்து போகும் காசும் பெரிதாகத்தான் இருக்கும். ஆன்லைனில் வாங்கினாலும் இதே கணக்குத்தான், டெலிவரிக் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்சவரம்பு விலை வைத்திருக்கிறது. பார்மா சஹி தாம் என்ற அரசுச் செயலியில் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, சில உயிர்காக்கும் மருந்துகளுக்கு வரியே இல்லை. வரியோடு 112 ரூபாயாக இருந்தது 105 ஆகியிருக்க வேண்டும். பழைய பில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

காப்புரிமை முடிந்த மருந்துகளைக் கவனியுங்கள். ஒரு கம்பெனி மட்டுமே விற்ற மருந்தை, காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் தயாரிப்பார்கள், விலை சரியும். சர்க்கரை மருந்துகளில் வில்டாகிளிப்டினுக்கு 2019இல், சிட்டாகிளிப்டினுக்கு 2022இல், எம்பாகிளிஃப்ளோசினுக்கு 2025 மார்ச்சில் அது நடந்தது. எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை 60 ரூபாய் அளவில் இருந்தது, பிறகு 10 ரூபாய்க்குக் கீழேகூட வந்தது. இரண்டு மூன்று வருடம் முன்பு எழுதிய பிராண்டையே கேட்டு வாங்கிக்கொண்டிருந்தால் இந்தச் சரிவு உங்கள் வீட்டுக்கு வந்தே இருக்காது.

படி 6: கைவைக்கக் கூடாதவை

தைராய்டுக்கான தைராக்சின், வலிப்பு மருந்து, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மனநலத்துக்குத் தரும் லித்தியம், சிறுநீரக மாற்று செய்தவர்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கப் போடும் மருந்து. இவற்றில் அளவு இம்மி மாறினாலும் உடம்பு காட்டிவிடும். விலைக்காக மாதம் ஒரு கம்பெனி என்று மாற்றாதீர்கள். மாற்றியே ஆகவேண்டுமானால் டாக்டரிடம் சொல்லி ஒருமுறை மாற்றி, அதிலேயே நில்லுங்கள். தைராக்சினை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

இன்சுலினில் பேனாவிலிருந்து குப்பிக்கு மாறினால் செலவு வெகுவாகக் குறையும், அரசு மருத்துவமனையில் குப்பி இலவசமாகவே கிடைக்கும். ஆனால் குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் 100 யூனிட். 40 யூனிட் குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசிதான் போட வேண்டும். 100 யூனிட் ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம். ஊசி மாறினால் டோஸ் இரண்டரை மடங்கு ஏறும் அல்லது இறங்கும். மாறும் நாளில் நர்ஸ் முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள்.

படி 7: வாங்குவதும் வைப்பதும்

டோஸ் நிலைத்த பிறகே இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். டாக்டர் இன்னும் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்கும்போது வாங்கிவைத்தால் குப்பைக்குத்தான் போகும். நம்மூர் சித்திரை வெயிலில் தகரக் கூரை வீட்டுக்குள் மாத்திரை வெந்துவிடும். சமையல்கட்டு, டிவி மேல், ஜன்னலோரம் வேண்டாம். டெல்மிசார்டான் ஈரத்தை இழுக்கும், ஒரு வாரத்துக்கானதை முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில், பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலினை நனையாதபடி மூடிய சிறு டப்பாவில் வைத்து, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம்.

பில்லை வாங்குங்கள். மருந்தில் பிரச்சினை என்றால் தொகுதி எண் அதில்தான் இருக்கும். பிள்ளைகள் பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களாக இருந்து, 60 வயது தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லையென்றால், ஆடிட்டர்கள் 80டி என்று சொல்லும் பிரிவில் அவர்களுடைய மருத்துவச் செலவில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தது செல்லாது, ஜிபேயிலோ கார்டிலோ கொடுங்கள்.

படி 8: மாற்றிய பிறகு

பிரஷர் மாத்திரை மாறினால் ஒன்றிரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுங்கள். சர்க்கரைக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் பாருங்கள், மூன்று மாதம் கழித்து, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி. அளவு ஏறினால் அடுத்த முறை அதே பையோடு டாக்டரிடம் போங்கள்.

பெரியம்மாவுக்கு ஏறவில்லை, இறங்கியது. தினமும் ஒழுங்காகப் போட ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் பதினோரு மணிவாக்கில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி உட்கார்ந்துவிட்டார். வெல்லத்தை வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தோம், பத்து நிமிடத்தில் தெளிந்தார். முன்பு விட்டு விட்டுப் போட்டதை டாக்டரிடம் அவர் பாதிதான் சொல்லியிருந்தார். மறுநாள் முழுதாகச் சொன்னதும் டாக்டர் கிளிமிபிரைடை 2லிருந்து 1க்குக் குறைத்தார்.